சகனில் ஓர் இடம் காலி

பேராதெனியப் பூந்தோட்டத்துக்குப் போயிருக்கிறேன் என்று சொன்னால் எல்லாரும் ஓர்க்கிட் பூவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஓர்க்கிட் பூவை நான் பார்க்கவில்லை. அதைப் பார்க்கப் போன கூட்டத்தோடு நான் போகவில்லை. அன்று அந்தத் தோட்டத்தில் நான் கண்டது ஒரு தொங்குபாலம், ஒரு பெரிய மரம், ஒரு சகன். மிச்ச நேரமெல்லாம் ஒருத்தியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த முதுகு சந்தி வீட்டுக்காரியுடையது. எங்கள் தெரு கல்முனைப் பிரதான வீதியில் ஏறுகிற சந்தியில் அவளுடைய வீடு இருந்தது. முறைக்கு மாமி. வாயால் மாமி என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் கூப்பிட்டதை எழுதினால் என் மகள்மார் வெட்கப்படுவார்கள். மூத்தவளை அவள் இவள் என்று எழுதுவது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆகவே மகள் பிறந்தால் வாப்பாமாருக்கு முதலில் வருகிற யோசனை கல்லும் மண்ணும்தான். அவளுக்கென்று ஒரு வீடு கட்டவேண்டும். கலியாணப் பதிவான காவின் எழுதுகிற நாளில் வீட்டையும் அவள் பெயருக்கு எழுதவேண்டும். வாப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். மூத்தவள் ராத்தா. அவளுக்கு ஆறு வயது இளையவள் நான். வெள்ளாமை நன்றாக வந்த இரண்டு வருடங்களில், எங்கள் வளவுக் காணியின் முன்பக்கத்தில் ராத்தாவுக்கான வீடு எழும்பியது.

ராத்தா நல்ல உயரம். வாசல் நிலையில் தலை இடிக்கும் என்று உம்மா பயப்படுகிற உயரம். குசினியில் அடுப்பு மேடை கட்டும்போது உம்மா ஒரு கயிற்றால் ராத்தாவின் இடுப்பு உயரத்தை அளந்து முடிச்சுப் போட்டு மேசனிடம் கொடுத்தா. அந்த முடிச்சு உயரத்துக்கு மேசன் மேடையைக் கட்டினார். யன்னலுக்கு என்ன நிறம் அடிப்பது என்று ராத்தாவிடமே கேட்டார்கள். கடல் பச்சை என்றாள். அவள் வாய்திறந்து எதையாவது ஆசைப்பட்டுக் கேட்டதாக எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

சந்தி வீட்டுக்காரியின் மூத்த மகனைத்தான் ராத்தாவுக்குக் கேட்டிருந்தோம். வெற்றிலை வட்டா கொண்டுபோய் வைத்து, அவர்களும் ஏற்றுக்கொண்டு, பேச்சு முடிந்திருந்தது. நோன்புப் பெருநாள் கழிந்த மாதத்தில் தெருவில் ஒரு கலியாணம். அந்த மாதத்து ஆறு நோன்பில் ஒன்றை ராத்தா அன்று பிடித்திருந்தாள். அதை ஒருவருக்கும் சொல்லாமல் கலியாண வீட்டுக் குசினியில் காலை முதல் புகைக்குள் நின்றவள், பின்னேர அசர்த் தொழுகைக்குப் பிறகு தடாலென்று விழுந்தாள். தண்ணீர் தெளித்திருந்தால் எழும்பியிருப்பாள். ஆனால் சந்தி வீட்டுக்காரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, இடுப்பில் சாவிகள் கோர்த்துத் தொங்கிய திறப்புக் கொத்தை இழுத்து ராத்தாவின் கையில் திணித்து, விரல்களை மடக்கிப் பிடித்தாள்.

"இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க! கைய உட்டுராதீங்க!"

வலிப்பு வந்தவர்களின் கையில்தான் இரும்பு கொடுப்பார்கள். வேறெதற்கும் கொடுப்பதில்லை. கலியாண வீடு முழுக்க அந்தக் கையைப் பார்த்தது. பிறகு அவள் வீடு வீடாகப் போய் ஒரே வசனத்தைச் சொன்னாள். "முந்தியும் ரெண்டு தரம் வந்திரிக்கி புள்ள, ஆருக்கும் சொல்லிராதீங்க." ஒரு கிழமைக்குள் சாய்ந்தமருது வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது. வட்டா திரும்பி வந்தது. இரண்டு மாதத்தில் அவளுடைய மகன் மருதமுனையில் மேல்மாடி வைத்த வீடொன்றுக்கு மாப்பிள்ளையாகப் போனான். அப்போதுதான் திறப்புக் கொத்தின் அர்த்தம் எங்களுக்கு விளங்கியது.

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று உம்மா சொன்னா. ராத்தா பொறுத்தாள். அவளுக்கு ஆளக் கிடைத்தது உம்மாவின் பழைய வீட்டில் ஒரு மூலை.

அடுத்த வருசம் சூறாவளி வந்து புது வீட்டின் ஓட்டைத் தூக்கிக்கொண்டு போனது. வாப்பா மறுபடி ஓடு போட்டார். ராத்தாவுக்காக மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் "நஸீப் இல்ல, குடுப்பின இல்ல" என்று நயமாகச் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் ஒருநாள் வாப்பா, "கட்டின ஊட்ட எத்தின காலத்துக்குப் பூட்டி வைக்கிற?" என்றார். எனக்கு மாப்பிள்ளை பேசினார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. வீடு என் பெயருக்கு எழுதப்பட்டது. ராத்தாதான் எனக்கு மருதோன்றி வைத்துவிட்டாள். நான் குட்டை. அடுப்பு மேடை என் நெஞ்சுக்கு வந்தது. ஒரு தென்னம் பலகையைப் போட்டு அதில் ஏறி நின்று சமைக்கப் பழகினேன்.

ராத்தா என் வீட்டுக்கு முன்வாசலால் வந்ததில்லை. மீன் வாங்கினால் குசினிக் கதவால் நீட்டிவிட்டுப் போவாள். பிள்ளையைத் தூக்கவேண்டுமென்றால் கிணற்றடியில் நின்று கூப்பிடுவாள். மாப்பிள்ளை இருக்கிற வீடு, கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி ஆறவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தச் சந்தியால்தான் போய்வரவேண்டும். ஒவ்வொரு நாளும் அவள் இடுப்பில் அந்தத் திறப்புக் கொத்து கிலுங்குகிற சத்தம் கேட்கும். எனக்கும் ஒருநாள் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போவேன். தொழுத பாயில் இருந்து இதைக் கேட்டு துஆச் செய்திருக்கிறேன். கேட்கக்கூடாத துஆ அது, ஆனால் கேட்டேன்.

நாலைந்து வருடத்தில் அந்த நாள் தானாக நடந்து என் வாசலுக்கு வந்தது. என் மாப்பிள்ளையின் தம்பிக்குப் படிப்பிக்கிற உத்தியோகம் கிடைத்திருந்தது. சந்தி வீட்டுக்காரியின் கடைசிப் பிள்ளை, ஒரேயொரு மகள், பதினெட்டு வயதை எட்டியிருந்தாள். பொடியனைக் கேட்கவேண்டுமென்றால் என் மாமியாரிடம் கேட்கவேண்டும். மாமியாரிடம் போகிற வழி என் வீட்டால். தனக்குத் தனக்கு என்றால் சுளகும் படக்குப் படக்கென்று அடிக்குமாம். அந்தப் பெரிய மனுசி ஒரு சட்டி எருமைத் தயிரோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"மருமகள், நீதான் ஒரு வார்த்த சொல்லணும்" என்றாள்.

"சொல்றன் மாமி" என்றேன்.

தயிரை வாங்கினேன். சாப்பிட்டேன். வஞ்சம் வேறு, தயிர் வேறு.

வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு எங்கள் தெருப் பெண்கள் பஸ் பிடித்து எங்கேயாவது போவது வழக்கம். அந்த வருடம் கண்டிக்கும் பேராதெனியாவுக்கும் என்று முடிவானது. சாய்ந்தமருதில் இருந்த என் மாமியாரையும் கூட்டிவரச் சொல்லி சந்தி வீட்டுக்காரி மூன்று தரம் ஆள் அனுப்பினாள். தோட்டத்தில் பகல் சாப்பாடு. எல்லாரும் சகனில் சாப்பிடுவார்கள். ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கை போட்டுச் சாப்பிடுவதுதான் சகன். அவள் தன் வீட்டுப் பூப்போட்ட பீங்கான் சகனைக் கொண்டுவருவாளாம். அதில் மகளுக்குப் பக்கத்தில் என் மாமியார் இருக்கவேண்டுமாம். மாப்பிள்ளையின் உம்மா பெண்ணோடு ஒரு சகனில் கை போட்டால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. பஸ்ஸில் வருகிற அத்தனை பேருக்கும் இது தெரிந்திருந்தது.

ராத்தா வரமாட்டேன் என்றாள். நான் விடவில்லை. "நீ வரத்தான் வேணும்" என்று நின்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் என்ன செய்தாலும் அதை அவள் பார்க்கவேண்டும் என்பது மட்டும் தெரியும். என் மாப்பிள்ளை வயலில் காவல். பிள்ளையை உம்மாவிடம் விட்டேன், வீட்டில் யாருமில்லை. வழக்கமாகப் பூட்டாத வீட்டைப் பூட்டி, முன்கதவு, அலுமாரி, பெட்டகம் எல்லாவற்றின் திறப்பையும் ஒரு வளையத்தில் கோர்த்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

விடியச் சுபஹு தொழுததும் பஸ் வெளிக்கிட்டது. அம்பாறை தாண்டும் வரைக்கும் பைத்துப் பாட்டுப் படித்துக்கொண்டு வந்தவர்கள், மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் ஏறியதும் அமைதியானார்கள். மூன்றாம் வளைவில் ஒருத்தி யன்னலால் தலையை நீட்டி முதல் சத்தி எடுத்தாள். பிறகு யார் எடுத்தது யார் எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொண்டு நான் முன்சீட்டைப் பார்த்தேன். அங்கே சந்தி வீட்டுப் பெண், சேலை உடுத்துப் பழகாத பிள்ளை, ரோஸ் நிறப் புதுச் சேலையில் குனிந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் பின்சீட்டில் யாரோ ரொட்டியும் வாழைப்பழமும் நீட்டினார்கள். தாய்க்காரி தட்டிவிட்டாள்.

"வேணாம். சேல ஊத்தையாகும். அங்க போய்ச் சகன்ல தின்னட்டும்."

அந்தப் பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதை நான் கண்ணால் கண்டேன். இதை நான் கண்டேன் என்பதை நீங்கள் மறக்கக்கூடாது.

தோட்டத்துக்குள் போனதும் எங்கள் பெண்களுக்கு வாய் திரும்பி வந்தது. எங்களுக்கு ஆறென்றால் களியோடை. மழைக்குப் பெருகி வெயிலுக்கு மெலிகிற ஆறு. இங்கே மகாவலி, தோட்டத்தை மூன்று பக்கமும் வளைத்துப் பிடித்துக்கொண்டு, கலங்கிய தேத்தண்ணி நிறத்தில் அவசரமில்லாமல் போனது. கரையில் பானைத் தடிப்பில் மூங்கில்கள். உயரமான மரங்களில் வௌவால்கள் பழம் காய்த்த மாதிரித் தொங்கின. வெட்டிவிட்ட புல், கண்ணுக்கெட்டிய தூரத்துக்குப் புல்.

"இவ்வளவு தண்ணி, இவ்வளவு நெலம், ஒரு பிடி நெல்லு வெதைக்கல்லயே இவங்க" என்று ஒரு பெரியம்மா ஆத்திரப்பட்டா.

இன்னொருத்தி ஒரு மரத்தைச் சுற்றி வந்தாள். அதில் எந்த நாட்டு ராசாவோ நட்டது என்று பலகை போட்டிருந்தது. "காய்க்குமா?" என்று காவல்காரரிடம் தமிழில் கேட்டாள். அவர் சிரித்து இல்லையென்று தலையாட்டினார். "காய்க்காத மரத்துக்கு வேலியும் காவலும்" என்று அவள் முகத்தைச் சுழித்துக்கொண்டு நடந்தாள்.

நானும் சிரித்தேன். சிரித்தபடி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சந்தி வீட்டுக்காரி என் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குடை பிடித்தாள். நிழலில் இருத்தினாள். மாமியாரின் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தன் கைலேஞ்சியால் துடைத்தாள். ஒரு காலத்தில் எங்கள் வட்டாவைத் திருப்பி அனுப்பிய கை அது.

ஆற்றுக்குக் குறுக்கே தொங்குபாலம். ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று பலகை. இளம்பெண்கள் எல்லாரும் ஏறவேண்டுமென்று கூச்சல் போட்டார்கள். சந்தி வீட்டுக்காரி மகளை முன்னால் தள்ளினாள். "போ புள்ள, மாமி பாக்கட்டும்." நானும் மாமியாரும் மூங்கில் நிழலில் நின்றோம். ராத்தா கொஞ்சம் தள்ளி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாலம் ஆடியது. பெண்கள் ஆடவேண்டுமென்றே ஆட்டினார்கள். அந்தப் பிள்ளை நடுவுக்குப் போனதும் கீழே பார்த்தாள். கம்பியைப் பிடித்தாள். பிறகு மெதுவாக முழங்கால் மடங்கி, ரோஸ் சேலை பலகையில் விரிய, அப்படியே சரிந்தாள். காவல்காரர் விசில் ஊதினார். நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்து புல்லில் கிடத்தினார்கள்.

கண் மூடியிருந்தது. உதடு காய்ந்திருந்தது. பசி மயக்கம். எந்தக் குருடனுக்கும் தெரியும். எனக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

தாய்க்காரி தண்ணீர் எடுக்க ஓடினாள். அந்த இடைவெளி போதும். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனேன். என் கை தானாக இடுப்புக்குப் போனது. திறப்புக் கொத்தை இழுத்து அந்தப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி இறுக்கிப் பிடித்தேன்.

"இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க! கைய உட்டுராதீங்க!"

பெண்கள் கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. மாமியார் என் காதருகில் குனிந்தா.

"என்ன புள்ள இது?"

அந்த வசனம் என் நாக்கில் வருடக்கணக்காகக் குந்திக்கொண்டு இருந்தது. ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

"முந்தியும் ரெண்டு தரம் வந்திரிக்கி மாமி, ஆருக்கும் சொல்லிராதீங்க."

தண்ணீர்ப் போத்தலோடு சந்தி வீட்டுக்காரி திரும்பி வந்தாள். முதலில் மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். கையில் இருந்த இரும்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. போத்தலின் மூடியைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். "இது பசி" என்று சொல்லவேண்டுமென்றால் "நான்தான் பட்டினி போட்டேன்" என்று சொல்லவேண்டும். "திறப்புக் கொடுத்தால் வலிப்பு என்று அர்த்தமில்லை" என்று சொல்லவேண்டுமென்றால் ராத்தாவின் கதையைத் திறக்கவேண்டும். இரண்டு பக்கமும் கதவு பூட்டு. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தேன் குடித்தது போல் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் ஒரு துளி இனிக்கிறது.

பிள்ளை கண் திறந்து எழும்பி இருந்தாள். தன் கையில் ஏன் திறப்பு இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. விடச்சொல்லி ஒருவரும் சொல்லாததால் பிடித்தபடியே இருந்தாள்.

பெரிய புல்வெளியின் நடுவில் ஒரு மரம் நின்றது. ஆலமரம் மாதிரி, ஆனால் விழுது இல்லாமல் கிளைகளைக் குடை போல் விரித்த மரம். அதன் கீழ் பாய் போட்டு, பஸ்ஸில் கொண்டுவந்த சோற்றுக் கிடாரத்தின் வாய்க்கட்டை அவிழ்த்தார்கள். நெய்ச்சோறு, கோழிப் பொரியல், மாசிச் சம்பல். சகன்களை வைத்தார்கள். பூப்போட்ட பீங்கான் சகன் நடுவில். அதைச் சுற்றி சந்தி வீட்டுக்காரி, மகள், இன்னும் மூன்று பெண்கள். ஆறாவது இடம் என் மாமியாருக்கு.

மாமியார் கை கழுவிக்கொண்டு வந்தா. அந்தச் சகனைக் கடந்து நடந்தா. எங்கள் சகனில் ஏற்கெனவே ஆறு பேர். இருந்தும் என்னைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லி ஏழாவதாக வந்து இருந்தா. அந்த மரத்தின் கீழ் இருந்த அத்தனை பேரும் பீங்கான் சகனில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்கள்.

சகனில் ஆறு பேர் சேராமல் பிஸ்மி சொல்லிச் சாப்பிடத் தொடங்குவது எங்களுக்குப் பழக்கமில்லை. ஓர் ஆள் குறைந்தால் யாரையாவது கூப்பிடுவோம். சந்தி வீட்டுக்காரி கூப்பிடவில்லை. யாரைக் கூப்பிடுவது? யார் வருவார்? மற்ற சகன்களில் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சகனில் சோறு குவித்தபடி கிடந்தது. பிள்ளை ஒரு கையில் திறப்பும், மற்றக் கை மடியிலுமாகச் சோற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் நன்றாகப் பிசைந்து சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான நெய்ச்சோறு நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை.

ராத்தா எங்கள் சகனில் எனக்கு எதிரே இருந்தாள். சோற்றில் கை வைத்தவள் கையை எடுத்தாள். எழும்பினாள். அந்த உயரத்தோடு அவள் எழும்பினால் யாருக்கும் தெரியாமல் எழும்ப முடியாது. நேரே நடந்து போய்ப் பீங்கான் சகனின் காலி இடத்தில் சம்மணம் போட்டு இருந்தாள்.

அந்தப் பிள்ளையின் விரல்களைப் பிரித்துத் திறப்புக் கொத்தை எடுத்துத் தன் இடுப்பில் சொருகினாள். சத்தமாக பிஸ்மி சொன்னாள். கோழிப் பொரியலில் நல்ல துண்டாகப் பார்த்துப் பிள்ளையின் பக்கம் நகர்த்தி வைத்தாள். "தின்னு புள்ள" என்றாள். பிள்ளை அழுதுகொண்டே தின்றாள். சந்தி வீட்டுக்காரி தலைகுனிந்து, தன் முன்னால் கிடந்த சோற்றை ஒரு விரலால் கோடு கீறிக்கொண்டு இருந்தாள்.

பிசைந்த சோற்றைத் திரும்பச் சகனில் போட்டேன். கோபம். யார் மேல் என்றுகூடத் தெரியாத கோபம். நான் இவளுக்காகச் செய்தேன். இவள் அங்கே போய் இருக்கிறாள்.

சாப்பாடு முடிந்து எங்கள் பங்குக்கு மூன்று சகன்களைக் கழுவ ஆற்றோரத்துத் தண்ணீர்க் குழாய்க்குக் கொண்டுபோனோம். நானும் ராத்தாவும் மட்டும். அவள் கழுவினாள். நான் பக்கத்தில் நின்று கொதித்தேன்.

"உனக்கு வெக்கமில்லயா ராத்தா? உன்ன வலிப்புக்காரி எண்டு சொன்னவட சகன்ல கை போடுறாய்!"

"புள்ளைக்குப் பசி" என்றாள்.

"உனக்குப் பசிச்ச நேரம் அவ சோறா தந்த? திறப்பத்தானே தந்த! நான் உனக்காகச் செஞ்சன். உனக்காக!"

ராத்தா சகனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் கோபப்பட்டு நான் கண்டதில்லை. அப்போதும் கோபப்படவில்லை. இடுப்பிலிருந்து திறப்புக் கொத்தை எடுத்தாள். ஈரக் கையோடு என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"எனக்காக எண்டு சொல்லாத" என்றாள். "சந்தி ஊட்டு மாமி எடுத்த என்ட ஒரு மாப்புளய. அவன் போனா போறான். வலிப்புக்காரி எண்டாலும் ஊடு இரிக்கிறவளுக்கு என்டைக்காவது ஒருத்தன் வருவான். ஊடில்லாதவள்ட வாசலுக்கு ஆரு புள்ள வாற?"

நான் கையை இழுத்தேன், அவள் விடவில்லை.

"ஊட்ட உனக்கு எழுதின நேரம் நீ ஒரு வார்த்த கேக்கல்ல என்னட்ட. கேட்டிருந்தா ஓமெண்டுதான் சொல்லியிருப்பன்."

அவள் மூன்று சகன்களையும் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தாள். நான் மகாவலிக் கரையில் கையை மூடியபடி நின்றேன். திறப்பின் பல் உள்ளங்கையில் குத்தியது. அவள் ஏன் முன்வாசலால் வருவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கூச்சம் என்று நினைத்திருந்தேன் நான்.

என் மாமியார் தன் மகனுக்கு நிந்தவூரில் கலியாணம் பேசி முடித்தா. சந்தி வீட்டுப் பிள்ளைக்கு ஊரில் யாரும் கிடைக்கவில்லை. பஸ்ஸில் வந்த ஐம்பது வாய் சும்மா இருக்குமா? மூன்று வருடம் கழித்துப் பொத்துவில் பக்கத்தில் தூரத்து உறவில் ஒரு மாப்பிள்ளை வந்தார். வந்ததற்குக் காரணம், தாய்க்காரி சந்தி வீட்டை அப்படியே மகளுக்கு எழுதிவிட்டுப் பின்னால் ஒரு கொட்டிலில் போய் இருந்ததுதான். ராத்தா சொன்னது சரி. வீடு இருக்கிறவளுக்கு வந்தான்.

ராத்தாவுக்கு யாரும் வரவில்லை. என் மூன்று பிள்ளைகளையும் அவள்தான் கிணற்றடியில் வைத்துக் குளிப்பாட்டினாள்.

சந்தி வீட்டுக்காரியை நான் மன்னித்தேனா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அவள் மவுத்தான அன்று போய் மையத்தின் முகத்தைப் பார்த்தேன். அப்போதும் நெஞ்சு இளகவில்லை. அவளை மன்னித்தால் அடுத்து யாரைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியும்.

வீட்டைத் திருப்பிக் கொடுத்தாயா என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கொடுக்கவில்லை. என் மாப்பிள்ளை, என் பிள்ளைகள், எங்கே போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராத்தா அதைப் பற்றி மறுபடி வாய் திறக்கவில்லை. யன்னலுக்கு இன்னும் கடல் பச்சைதான் அடிக்கிறோம். அடுப்பு மேடையை இடித்து உன் உயரத்துக்குக் கட்டித் தருகிறேன் என்று என் மாப்பிள்ளை பலமுறை சொல்லிவிட்டார். வேண்டாம் என்கிறேன். தென்னம் பலகை இரண்டு தரம் உக்கிவிட்டது. இப்போது கிடப்பது மூன்றாவது. அதில் ஏறி நின்றுதான் சமைக்கிறேன்.